பரீட்சை வீட்டில் ஒரு யோகா ஆசிரியர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்துக்கு எல்லாம் பிழைபடத் தொடங்கியது. அப்போதுதான் நான் தியானத்திலிருந்து கண் திறந்தேன். பல மாதங்களாக மூக்கு நுனியில் நிற்க மறுத்த மனம் அன்று விறாந்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததுமே அடங்கிவிட்டது. நாய் குரைத்தது கேட்கவில்லை, கோயில் மணி கேட்கவில்லை. இந்தச் சாதனையை உடனே யாருக்காவது சொல்ல வேண்டும் என்று மகளின் அறைக் கதவைத் தள்ளினேன். கட்டில் வெறுமையாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சைக்கிளும் இல்லை.

மகளுக்கு அடுத்த வாரம், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை, இரண்டாவது தடவை. முதல் தடவை இரசாயனவியல் வினாத்தாளைக் கண்டதும் கை நடுங்கத் தொடங்கி, பாதியும் எழுதாமல் மண்டபத்தை விட்டு வெளியே வந்தவள். அதன் பிறகு அவள் வீட்டில் அதிகம் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு தகப்பன் இதற்கு என்ன செய்வான்? ரியூசனுக்கு அனுப்புவான். பயத்துக்கு எங்கும் ரியூசன் இல்லாததால், நானே படித்துவந்து அவளுக்குப் படிப்பிப்பது என்று முடிவெடுத்தேன். மருதனார்மடத்தில் ஒரு கடையின் மேல்மாடியில் வார இறுதிகளில் நடந்த யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

நடத்தியவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ரீச்சர். யோகா உடலையும் மூச்சையும் மனதையும் வீட்டு உறவுகளையும் சேர்த்தே சீராக்கும், இதில் போட்டி கிடையாது என்று முதல் நாளே சொன்னார். நாங்கள் கவனமாக எழுதிக்கொண்டோம். பிறகு முன்வரிசையில் இருந்த, வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் கையை உயர்த்தினார்.

"ரீச்சர், போனமுறைப் பேப்பர் எடுக்கலாமோ?"

"என்ன பேப்பர் ஐயா?"

"இல்லை, சவாசனத்துக்கு எத்தினை மாக்ஸ் எண்டு தெரிஞ்சால், அதுக்கேத்த மாதிரிப் படுக்கலாம்."

சவாசனம் என்றால் பிணம்போல் அசையாமல் கிடப்பது. உடம்பைத் தளர்த்தச் சொல்லித் தந்த அந்த ஆசனத்தில், யார் முதலில் அசைவார் என்று ஒருவரையொருவர் அரைக்கண்ணால் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தோம். நுளம்பு கடித்தும் முகாமையாளர் அசையவில்லை. அன்றிரவு அந்த எரிச்சலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். இடுப்பில் இருந்த நாரி நோவு குறைந்தது. படுத்தால் நித்திரை வந்தது. இரத்த அழுத்தமும் இறங்கியது. அதை மனைவிக்குச் சந்தோசமாகச் சொன்னேன்.

"உங்கடை பிரஷர் இறங்கினது உண்மைதான்" என்றாள். "அது ஆருக்கு ஏறியிருக்கெண்டு எங்களைக் கேளுங்கோ."

ஏனென்றால் படித்ததை எல்லாம் நான் உடனுக்குடன் வீட்டில் நடைமுறைப்படுத்தினேன். புலன்களை உள்ளே திருப்பும் பாடம் முடிந்த அன்று மகளின் போனை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். மிதமான உணவு பற்றிய பாடத்தோடு கடையில் பொரித்த றோல்ஸ் வீட்டுக்கு வருவது நின்றது. அவள் மேசையில் இருந்து படிக்கும்போது பின்னால் நின்று, "இழு, பிடி, விடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். யோகா பயிற்சியின் இறுதி மதிப்பீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மாணவரைக் கூட்டிவந்து வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மகளைக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மதிப்பீடு அன்றைக்குத்தான், ஒன்பது மணிக்கு.

சைக்கிளைக் காணவில்லை என்றதும் நான் ஓடியது கிணற்றடிக்கு. சைக்கிளில் போனவள் கிணற்றுக்குள் இருக்க மாட்டாள் என்று யோசிக்க அப்போது புத்தி வேலை செய்யவில்லை. ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரில் வெளிச்சம் மட்டும் ஆடியது.

என்னை அறியாமல் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன் போல. மனைவி என் வாயைப் பொத்தினாள்.

"பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகுது! நாங்கள் படலையைத் திறக்க முதல் கனடாச் சொந்தக்காரரிட்டையிருந்து ரெலிபோன் வரும், பிள்ளை ஆரோடை போனவள் எண்டு."

எங்கள் ஊரில் பெண்பிள்ளையைக் காணவில்லை என்றால் முதல் வேலை, காணவில்லை என்பதை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. தேடுவது அதற்குப் பிறகு. ஆகவே, ஒருவரையும் கேட்காமல் தேடப் புறப்பட்டேன். எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முகப்பில் பாலுக்கு நின்ற அயல்வீட்டுக்காரர் மறித்தார்.

"என்ன தம்பி, விடியக்காலமை ஓட்டம்?"

"மூச்சுப் பயிற்சி அண்ணை."

"செருப்பு ரெண்டும் ரெண்டு விதமாக் கிடக்குது?"

குனிந்து பார்த்தேன். ஒன்று என்னுடையது, மற்றது மனைவியினது.

"அது... பாதத்துக்கு நல்லதாம் அண்ணை."

"அப்பிடியே! எனக்கும் முழங்கால் நோ. பொம்பிளைச் செருப்பு எந்தக் காலுக்கு?"

"இடது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கந்தசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வெளிவீதியைத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். அவளுடைய சிநேகிதியின் வீட்டு மதிலுக்கு மேலால் எட்டி, சைக்கிள் நிற்கிறதா என்று பார்த்தேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்தார். கழுத்துப் பயிற்சி என்றேன். கற்ற மூச்சையெல்லாம் அன்று செய்து பார்த்தேன். இழுத்தேன், பிடித்தேன். விட முடியவில்லை.

வெறுங்கையோடு திரும்பி வந்து வாசற்படியில் இருந்தேன்.

"ஊருக்குத் தெரிஞ்சால் தெரியட்டும். பொலிசுக்குப் போவம்" என்றேன். மனைவி மறுக்கவில்லை. சேலை மாற்ற உள்ளே போனாள்.

அப்போது படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. ரீச்சர். அவருக்குப் பின்னால், சைக்கிளில், என் மகள்.

"ஏன் ஐயா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்றார் ரீச்சர். "பிள்ளை சொல்லிப்போட்டுத்தான் வந்தனான் எண்டவள்."

"ஆருக்குச் சொன்னவள்?" என்று கேட்டபடி மனைவி அரைகுறைச் சேலையோடு ஓடி வந்தாள்.

"அப்பாட்டைத்தான்" என்றாள் மகள். "விறாந்தையிலை முன்னாலை நிண்டு, ரீச்சர் வீட்டை போயிட்டு வாறன் எண்டனான். தலையாட்டினவர்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தாங்குவதற்குப் பயிற்சியில் எதுவும் சொல்லித் தரவில்லை.

"உங்களுக்குச் சிபாரிசுக்கு வந்தவள்" என்றார் ரீச்சர். "அப்பா பெயில் எண்டால் திரும்பவும் படிப்பார், எங்களாலை தாங்கேலாது, எப்பிடியாவது பாஸ் பண்ணிவிடுங்கோ எண்டு அழுகிறாள். புட்டுக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வாறன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அயல்வீட்டுக்காரர் பால் போத்தலோடு நின்று பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. பரீட்சைக்குப் போவாயா என்று அவளைக் கேட்க வந்து, மூக்கைத்தான் துடைத்துக்கொண்டேன்.

மகள் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

"நான் சோதினைக்குப் போவன் அப்பா. கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்க நடுங்க எழுதுறன். ஆனால் மண்டபத்துக்கு நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். அம்மா வரட்டும்."