வலையில் குறைந்த ஈயம்

குருக்கள்மடத்தில் தக்ஷாயினியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய தையலைத்தான் சொல்வார்கள். மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் சாதாரணதரம் படிக்கும்போதே தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த உழைப்பில் வீடு எழும்பியது, வீடு எழும்பியதும் கல்யாணம் நடந்தது, கல்யாணம் முடிந்ததும் தாய் திரும்பவும் விமானம் ஏறினாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வாவியில் வீச்சுவலை போடுகிற சுதாகரன் தன் வலையையும் ஒரு பெட்டி உடுப்பையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

தக்ஷாயினியிடம் ஒரு குணம் உண்டு. அவளை யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. தாய் பக்கத்தில் இல்லாமல் வளர்ந்த பெண்பிள்ளை. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கொடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே தீர்மானித்துவிட்டாள். முற்றத்தில் ஒரு சருகு கிடக்காது. அடுப்படியில் ஒரு கரி இருக்காது. இப்படியே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வேலை இல்லை. ஆனால் பிள்ளை என்பது முற்றம் இல்லை, கூட்டி முடித்துவிட்டுக் கையைக் கழுவ.

பெண் குழந்தை, யதுர்ஷா. பிறந்தபோது நல்ல நிறை. முதல் மாதக் கிளினிக்குக்குத் தக்ஷாயினி அவளைப் புதுச்சட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். கிராமத்து மண்டபத்தில் கூரை வளையில் தராசு தொங்கும். அதில் ஒரு துணிக் காற்சட்டை. பிள்ளையின் கால்களை அதற்குள் விட்டுத் தொங்கவிட்டால் முள் ஆடி ஆடி நிற்கும். தராசுக்குப் பக்கத்தில் மிட்வைஃப் அன்னப்பூரணி மிஸ் நிற்பார். மிஸ் கெட்ட மனுசி இல்லை. வெள்ளம் வந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பிள்ளைகளைப் பார்த்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம். தன் பகுதிப் பிள்ளைகளெல்லாம் கொழுகொழுவென்று இருக்க வேண்டும், அதைத் தன் மேலதிகாரி பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முள் நின்ற இடத்தைப் பார்த்ததும் மிஸ்ஸின் முகம் மாறியது.

"என்ன புள்ள இது? பிறந்த நிறையில இருந்து அசையவே இல்ல. பால் குடுக்கிறியா, இல்லாட்டி ஃபோன் பாத்துக்கொண்டு இரிக்கிறியா?"

"குடுக்கிறன் மிஸ்."

"குடுத்தா ஏன் இப்பிடி இரிக்கி? இஞ்ச பாருங்க எல்லாரும். உடுப்பு நல்ல வடிவு, உள்ளுக்க ஒண்டும் இல்ல."

சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு ஒன்றுமில்லை, மிஸ்ஸுக்காகச் சிரித்த சிரிப்பு. ஆனால் தக்ஷாயினிக்கு மண்டபத்துச் சீமெந்துத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஊர் அவளிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டது, அதுவும் தாய்மையில். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் வீட்டுக்கு வந்தாள்.

உண்மையில் அவள் பால் கொடுக்காமல் இல்லை. கொடுக்கும்போது முலைக்காம்பு வெடித்து உயிர் போகிற நோ. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடுப்பாள், தாங்க முடியாதபோது பிடுங்கிவிடுவாள். பிள்ளை அழும், அழுது களைத்துத் தூங்கிவிடும். தூங்கினால் வயிறு நிறைந்துவிட்டது என்று நினைப்பாள். போதாததற்கு, ஆட்கள் இருக்கும்போது பால் கொடுத்தால் கண்ணூறு பட்டுப் பால் வற்றிவிடும் என்ற பேச்சு வேறு. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் போகும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டும். நோகிறது என்று மிஸ்ஸிடம் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் எல்லாருக்கும் வருகிற வேலை தனக்கு மட்டும் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கிளினிக் நெருங்கியது. பிள்ளை தேறவில்லை என்பது தாய்க்குத் தெரியாதா? கைக்குத் தெரியும். சுதாகரனின் வலை பின்பக்கத்து மரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. வலை தண்ணீரில் தாழ்வதற்காக அதன் ஓரத்தைச் சுற்றி ஈயக்குண்டுகள் கோத்திருக்கும். தக்ஷாயினி அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

மண்டபத்தில் பிள்ளைகளை உடுப்போடுதான் நிறுப்பார்கள். கழற்ற வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் கடற்காற்றில் பிள்ளைக்குத் தடிமன், சளி பிடிக்கும் என்று தாய்மார் முறைப்பட்டு முறைப்பட்டு, ஒரு மெல்லிய சட்டை இருக்கட்டும் என்று மிஸ் விட்டுக்கொடுத்திருந்தார். தக்ஷாயினி தைத்த சட்டை மெல்லியதுதான். கீழ் மடிப்பு மட்டும் இரட்டைத் துணி. அதற்குள் ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடாதபடி ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் இருந்தன. அவ்வளவு நேர்த்தியான தையலை அவள் தன் கல்யாணச் சட்டைக்குக்கூடத் தைக்கவில்லை.

முள் ஏறி நின்றது. மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, ரெண்டு சொல்லுச் சொன்னாத்தான் உங்களுக்கு உறைக்கிது. இந்தா பாருங்க, இதுதான் தாய்."

அதே வாங்கு, அதே பெண்கள். இந்த முறை எல்லாரும் அவளைப் பார்த்த பார்வை வேறு. தக்ஷாயினி சிரித்தாள். சிரித்தபடியே சட்டையின் கீழ் மடிப்பைக் கையால் மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து மிஸ்ஸுக்கு யாரைத் திட்டுவதென்றாலும் தக்ஷாயினிதான் உதாரணம். பின்னேரங்களில் பெண்கள் பிள்ளைகளோடு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். என்ன சாப்பிடுகிறாய், எப்படிக் கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். பால்சுறாவும் முருங்கைக் கீரையும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துக் கதைத்துப் போகும்வரை உள் அறையில் யதுர்ஷா பசித்துக் கிடந்தாள். அழவும் இல்லை. அழுவதற்குத் தெம்பு வேண்டும் அல்லவா?

இந்தப் பக்கம் சுதாகரனுக்கு மீன் படவில்லை. வலையை வீசினால் ஒரு பக்கம் தாழ்கிறது, மற்றப் பக்கம் மிதக்கிறது. மணலை மீனும் இறாலும் அந்தப் பக்கத்தால் நழுவிப் போய்விடும். குண்டுகள் குறைந்தது கண்ணுக்குத் தெரியாதபடி தக்ஷாயினி ஓரத்தைத் தைத்து வைத்திருந்தாள். மனைவியைப் புகழ்ந்த ஊரின் கண்ணூறு தன் வலைக்கும் பட்டுவிட்டது என்று நினைத்தான், பாவம். கோயிலில் தேங்காய் உடைத்தான். வலைக்குச் செத்தல் மிளகாய் சுற்றி எரித்தான்.

ஒரு நாள் காலையில் கச்சான் காற்று சுழன்றடித்தது. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் பறந்துகொண்டிருந்தன. அவனுடைய சாரம் பறந்தது, அவளுடைய சேலை பறந்தது, பிள்ளையின் துண்டுகள் பறந்தன. கிளினிக்குக்கென்று தோய்த்துப் போட்ட ஒரு சின்னச் சட்டை மட்டும் அசையாமல் நேராகத் தொங்கியது. சுதாகரன் வந்து அதன் கீழ் மடிப்பைப் பிடித்துப் பார்த்தான். வலைகாரனின் விரலுக்கு ஈயம் தெரியாமல் போகுமா?

தக்ஷாயினி அடுப்படி வாசலில் நின்றாள். அடித்தால் அடிக்கட்டும் என்று நின்றாள். அவன் அடிக்கவில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்து மணலில் குந்தினான்.

"அப்ப புள்ள எவ்வளவு நிறை?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியா."

"உனக்குத் தெரியா, எனக்குத் தெரியா, மிஸ்ஸுக்கும் தெரியா. பூமியில ஒருத்தருக்கும் தெரியா." அவன் சட்டையை மணலில் வைத்தான். "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே, தக்ஷா."

"என்னண்டு சொல்லுற? எனக்குப் பால் குடுக்கத் தெரியல்ல எண்டா?"

அவன் எழும்பினான். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். இத்தனை நாளும் மிஸ் சொன்ன நிறையைக் கேட்டுச் சந்தோசப்பட்டானே தவிர, கையில் இருந்ததை அவனும் நிறுத்துப் பார்க்கவில்லை. அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

"உடுத்து வெளிக்கிடு. இண்டைக்குக் கிளினிக் நாள்தானே," என்றான்.

"எல்லாரும் இரிப்பாங்க."

"இரிக்கட்டும்." ஆட்களை நினைத்து, அவன் காணாதபடி அவள் அந்தச் சட்டையையே பிள்ளைக்குப் போட்டாள்.

மண்டபத்தில் நிரோஜினியின் முறை நடந்துகொண்டிருந்தது. மெலிந்த பெண், தலைப்பிள்ளைக்காரி, போன கிழமை தக்ஷாயினி வீட்டுக்கு வந்து கீரையின் பக்குவம் கேட்டுப் போனவள். அவள் பிள்ளையின் முள் ஏறவில்லை.

"தக்ஷாயினியிட்டக் கேட்டு நட எண்டு சொன்னனா இல்லையா?" என்றார் மிஸ்.

"கேட்டன் மிஸ். அக்கா சொன்ன மாதிரித்தான் எல்லாம் செய்யிறன்," என்ற நிரோஜினியின் கண்ணால் தண்ணீர் கொட்டியது. "என்னிலதான் என்னமோ பிழை."

அந்தச் சொல் தக்ஷாயினியின் நெஞ்சில் போய்த் தைத்தது. தான் திட்டு வாங்கியதைத் தாங்கினாள், தான் பொய் சொன்னதைத் தாங்கினாள். தன் பொய்யைத் தின்றுவிட்டு இன்னொருத்தி தன்னைப் பிழை என்கிறாளே, இதைத் தாங்க முடியவில்லை. வரிசையை விட்டுத் தராசடிக்குப் போனாள். யதுர்ஷாவின் சட்டையைத் தலையால் கழற்றினாள். பிள்ளையை வெறும் மேலோடு துணிக் காற்சட்டைக்குள் விட்டுத் தொங்கவிட்டாள். முள் கொஞ்சம் ஏறி, அதற்கு மேல் போக மனமில்லாததுபோல நின்றது.

தக்ஷாயினி சட்டையை மிஸ்ஸின் மேசையில் வைத்தாள். 'டக்' என்று கேட்டது.

"வலை ஈயம் மிஸ். நான்தான் தைச்சன். நிரோஜினியில ஒரு பிழையும் இல்ல. எனக்குப் பால் குடுக்க ஏலாம இரிக்கி, நோகுது, சொல்ல வெக்கமா இருந்த."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நீளமான திட்டு ஒன்று வரப்போகிறது என்று எல்லாரும் காத்திருந்தார்கள். மிஸ் சட்டையை எடுத்துப் பார்த்தார். மடிப்பைத் தடவினார்.

"ஈயம் நஞ்சு புள்ள. வாயில வச்சாளா?"

"இல்ல மிஸ். கிளினிக்குக்கு மட்டுந்தான் போடுற. மறுகா கழட்டி வச்சிருவன்."

மிஸ் பிள்ளையை இறக்கி எடுத்து, தக்ஷாயினியை மறைப்புத் துணிக்குப் பின்னால் கூட்டிப் போனார். கொடு பார்ப்போம் என்றார். யதுர்ஷா நுனிக் காம்பை மட்டும் பற்றினாள், தக்ஷாயினியின் முகம் சுருங்கியது. மிஸ் விரலால் மெதுவாக வாயை விடுவித்து, பிள்ளையைத் தாயின் வயிற்றோடு வயிறாகத் திருப்பி, வாய் நன்றாகத் திறக்கும்வரை பொறுத்து, பிறகு அணைத்துவிட்டார். காம்பைச் சுற்றிய கறுப்பு வட்டமும் பிள்ளையின் வாய்க்குள் போனது.

"இப்ப நோகுதா?"

தக்ஷாயினி இல்லை என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் தொண்டையில் பால் இறங்கும் சத்தம் கேட்டது. இத்தனை நாளில் அவள் கேட்டே இராத சத்தம்.

"ஒரு பக்கம் போதுமெண்டு அவளே விடட்டும், மறுகா மத்தப் பக்கம். ஆர் வந்தாலும் குடு, அடிக்கடி குடு. இண்டைக்கே ஆஸ்பத்திரியில டொக்டருக்கும் காட்டுவம், நானும் வாறன்." மிஸ் பிள்ளையின் தலையைத் தடவினார். "முதல் மாசமே நான் இப்பிடி இருந்து பாத்திருக்க வேணும். நான் தராசைப் பாத்தன், உன்னப் பாக்கல்ல."

அந்த மனுசி தலை குனிந்ததை அந்த ஊரில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

மிஸ் மறைப்பை விலக்கி வெளியே வந்தார். வாங்கின் கோடியில் இருந்த ஒருத்தி தன் மகனின் இடுப்பிலிருந்து ஈரத் துண்டை உருவிக்கொண்டிருந்தாள். அது காலையில் வேண்டுமென்றே நனைத்துக் கட்டிய துண்டு. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையின் வெள்ளி அரைஞாணையும் தடித்த காப்புகளையும் கழற்றி மடியில் போட்டாள். இன்னொருத்தி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உரித்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிஸ்ஸின் பகுதியில் கொழுகொழுவென்று இருந்த பிள்ளைகள் அவர் கண் முன்னாலேயே மெலிந்துகொண்டு போனார்கள்.

அன்னப்பூரணி மிஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்தார்கள்.

"நான் ஒருத்தரையும் ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார். "நோகுதெண்டாச் சொல்லுங்க. தெரியாட்டியும் சொல்லுங்க."

பிறகு நிரோஜினியின் பிள்ளையைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டு, அவளையும் மறைப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். தராசு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.