என் மதிலின் சில்லு: வெள்ளிச்சந்தையிலிருந்து குளச்சல் வரை

காலை 5.50. வெள்ளிச்சந்தையிலுள்ள என் வீட்டிலிருந்து குளச்சலுக்கு ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். எழுபத்து மூன்று வயதில் சைக்கிளில் கிளம்பினேன். மீன்காரர் அந்தோணி இருபது ஆண்டுகளாகப் பெட்டியைப் பின்னால் கட்டி மிதித்து வந்த வழி இது. போன மழைக்காலத்தில் அவர் என் வாசலில் விழுந்தார். வலது உள்ளங்கை கிழிந்தது. இரண்டு விரல்கள் இப்போது மடங்குவதில்லை. அன்று அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான். அவர் கையைக் கிழித்த கண்ணாடியும் என்னுடையதுதான். அது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் புறப்பட்டேன்.

கேட்டை அகலமாக்க மதிலை இடித்திருந்தேன். திருடன் ஏறாமலிருக்க அதன் மேல் பாட்டில் சில்லு பதித்திருந்தது. அந்தக் கட்டிகளை என் வாசல் முன்னால் சாலையோரப் பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். மழைப் பள்ளத்தை இடித்த கட்டியால் நிரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல காரியம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் நான். சிமெண்ட் நொறுங்கி உதிரும், கண்ணாடி அப்படியே நிற்கும் என்பது தெரியாதவனல்ல.

6.30, அம்மாண்டிவிளை. தென்னந்தோப்புகள் கடந்துபோயின, நான் தரையை மட்டுமே பார்த்தேன். பழுப்புப் பாட்டில், டியூப்லைட் தூள், எங்கோ மோதிய காரின் கண்ணாடிப் பரல்கள். நடுச்சாலைச் சில்லை வண்டிச் சக்கரங்கள் ஓரத்துக்குத் தள்ளுகின்றன. சைக்கிள்காரனையும் அதே ஓரத்துக்குத்தான் ஹாரன் தள்ளுகிறது.

7.15, மணவாளக்குறிச்சிக்கு முன்பே பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஒரு கிலோமீட்டர் உருட்டினேன். பஞ்சர் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சாரே, பஸ்ஸெல்லாம் ஸ்டிரைக்கா?”

“சும்மா ஒரு ஆசை.”

“இந்த ஆசைய முப்பது வயசுலயே தீத்திருக்கலாம் இல்லியா?”

டயருக்குள் அவர் விரலை விடவில்லை. பழைய துணி ஒன்றைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டே போனார். துணி ஓரிடத்தில் மாட்டியது.

“இந்தா கெடக்கு. பெரிய சில்லு கண்ணுல படும், நீங்க வெட்டிச்சுப் போவீங்க. கடுகு போல இருக்கதாக்கும் ஆளக் கொல்லும்.”

ஒட்டுக்கு ஐம்பது ரூபாய். பக்கத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு சாயா.

8.50. மண்டைக்காடு தாண்டிக் குளச்சல். முழங்கால் இரண்டும் கெஞ்சின. அந்தோணி வீட்டு முற்றத்தில் இடது கையால் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவர் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. பெட்டி இல்லை.

“சாரா! சைக்கிளிலயாக்கும் வந்தீங்க? ஏட்டி, சாயா போடு! அன்னைக்கு என்னைத் தூக்கிட்டுப் போன சாராக்கும்!”

உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மதில், சில்லு, பள்ளம், யார் கொட்டச் சொன்னது, எல்லாம். அவர் கையிலிருந்த வலையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கொட்டுனவன் வெளங்கமாட்டான்னு அன்னைக்கு ஆட்டோவுல ஏசினேனே. நீங்களும் ஆமான்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

அவர் மனைவி சாயாவோடு வாசலில் நின்றுவிட்டாள். மன்னிப்போ வசவோ, இரண்டில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

“மிச்ச சில்லு எங்க கெடக்கு?” என்றார் அந்தோணி.

“அங்கேதான். மேலே மண் போட்டேன்.”

“மண்ணு அடுத்த மழைக்கு நிக்குமா? அந்த வழியாக்கும் பிள்ளேள் பள்ளிக்கூடம் போறது. மொதல்ல அதப் பெறக்கிட்டு வாரும். பெறவு பேசலாம்.”

இருபது ஆண்டுகளாக ‘வாங்க சாரே’ என்றவர் என்னிடம் ‘வாரும்’ என்றது அதுவே முதல் முறை. சாயா உள்ளே போயிற்று.

பகல் 12.20. வீடு. போன வழியிலெல்லாம் அடுத்தவர் போட்ட சில்லைச் சபித்துக்கொண்டே போயிருந்தேன். என் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பள்ளத்து மண்ணைக் கொத்திக் கிளறி, பஞ்சர்க்காரரைப்போலப் பழைய வேட்டியைச் சுருட்டி மண்மேல் இழுத்தேன். ஒவ்வொரு சாணுக்கும் துணி மாட்டியது. மாலைக்குள் அரை வாளிதான் சேர்ந்தது. பள்ளி முடிந்து பெண்பிள்ளைகள் இரண்டுபேர் சைக்கிளில் வந்தார்கள். எழ முடியவில்லை, கையைக் காட்டி நிறுத்தினேன்.

“இறங்கி உருட்டிப் போங்கம்மா. இங்கே கண்ணாடி கிடக்கிறது. நான் போட்டது.”