கழுவிய அரிசி

எலுமிச்சை வாசமுள்ள செரைப்புல்லைத் தட்டி மருமகள் குழம்பில் போட்டாள். எனக்குக் குமட்டியது.

அது ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம்; நான் சின்னப் பிள்ளை. பாலிங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தினமும் மரவள்ளிக்கிழங்குதான். அப்பா எப்படியோ ஒரு சட்டி அரிசி கொண்டுவந்தார். ஒன்றரை வயதுத் தங்கை கோழி எச்சத்தை அள்ளி அதில் போட்டுப் பிசைந்துவிட்டாள்.

"கொட்டிடும்மா, நாறுது" என்றேன்.

"கொட்டிட்டு எதத் திம்ப?" அம்மா உப்புப் போட்டு ஏழெட்டுத் தண்ணீரில் அலசினாள். நாற்றம் போகவில்லை. அப்பா செரைப்புல்லைப் பிடுங்கி வந்து உலையில் போட்டார்.

கஞ்சியில் இரண்டு வாடையும் கலந்து வீசின. மூக்கைப் பிடித்துக் குடித்தேன்; தொண்டைக்கு மேலேறி வந்ததையும் திரும்ப விழுங்கினேன். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தார்கள்.

தங்கை தன் கிண்ணத்தை நக்கி முடித்து, என் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

அவ்வளவு அருவருப்பிலும் நான் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.