பாலமுனையில் ஏறாத இஞ்சின்

கல்முனைப் பக்கத்தில் கடல் இஞ்சினுக்குக் கரண்ட் வேலை என்றால், எல்லாருக்கும் அண்ணன் முறையான நளீர் காக்காவைத்தான் தேடுவார்கள். இஞ்சின் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வயரைக் கண்டால் மட்டும் அந்தப் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொள்வார்கள். நளீர் அப்படியில்லை. மீட்டரும் ஒரு ஸ்க்ரூட்ரைவரும் கையில் இருந்தால் போதும், வாயே திறக்காமல் குந்தியிருந்து பிழையைப் பிடித்துவிடுவார். வாய் திறக்காமல் இருப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். கதைக்க ஆளில்லாதவருக்கு அது தானாக வந்துவிடும்தானே.

ஆளில்லை என்று நான் சொன்னால் ஊர் என்னை அடிக்க வரும். ஏனென்றால் மகள் றுமானா சாய்ந்தமருதில் இருக்கிறாள். நளீரின் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். அவள் இருக்கிற வீட்டைக் கட்டியதே நளீர்தான். கத்தாரில் ஏழு வருஷம் வெயிலில் காய்ந்து கட்டினார். எங்கள் ஊர் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்து, மருமகன் ஹிஷாமைக் கூட்டிவந்து குடிவைத்தார். தானும் மனைவியும் பின்னறையில் இருந்துகொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. ஆம்பிளை பெண்டாட்டியோடு இருக்கும் மட்டும்தான் வீட்டுக்காரன். மனைவி மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிய, நளீருக்கு அந்த வீட்டில் கால் வைக்கவே கூச்சமாகிவிட்டது. ஹிஷாம் சோறு தின்ன வந்தால் இவர் எழும்பி முற்றத்துக்குப் போவார். ஹிஷாம் டீவி போட்டால் இவர் படுக்கப் போவார். அந்தப் பொடியன் பாவம், ஒரு குறையும் வைக்கவில்லை. கடையில் வேலை கூடிப்போச்சு என்று சொல்லி ஒரு கிழமை அங்கேயே படுத்தார் நளீர். மகள் வந்து கூப்பிடட்டும், போவோம் என்று இருந்தார். வாப்பா எதிலேயோ மனம் நொந்து போயிருக்கிறார், ஆறினால் வருவார் என்று அவள் இருந்தாள். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. பெருநாளைக்கு வருவார், அரை மணித்தியாலம் இருப்பார், போய்விடுவார். இரண்டு பேரும் வாய்ச்சண்டை பிடித்திருந்தாலாவது சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். சண்டையே இல்லாத இடத்தில் யார் என்னத்தைப் பேசுவது?

மத்தியானத்துக்கு ஹோட்டல் பார்சல், இரவைக்குப் பாணும் பருப்பும். இதுதான் நளீருடைய சீவியம். தும்மினால் 'அல்ஹம்துலில்லாஹ்' என்று அவரே சொல்லிவிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் சுவரைப் பார்ப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பாலமுனையிலிருந்து றிஸ்மி போன் எடுத்தான். சொந்தமாக மீன்பிடிப் போட்டு வைத்திருப்பவன், முப்பத்தைந்து வயது இருக்கும்.

"காக்கா, இஞ்சின் இறங்குது, ஏறுதில்ல. பத்து நாளா போட்டு கரையில கிடக்கு. ஒருக்கா வருவீங்களா?"

றிஸ்மி வாங்கியிருந்தது பெரிய இஞ்சின், வெளிநாட்டில் ஓடிக் களைத்து வந்தது. சின்ன இஞ்சின் என்றால் கையாலேயே மடக்கித் தூக்கலாம். இந்தப் பாரத்தைத் தூக்க முடியாது. அதற்குத்தான் பவர் ட்ரிம். பொத்தானை அமத்தினால் உள்ளே ஒரு சின்ன மோட்டர் எண்ணெயைத் தள்ளி இஞ்சினை ஏற்றும், இறக்கும். அலைக்குள்ளால் கரைக்கு வரும்போது இஞ்சின் ஏறாவிட்டால் அடிப்பாகம் மணலில் குத்தி உடையும், போட்டும் பிரளும். ஆபத்துக்குக் கையால் தூக்கவென்று இருக்கிற திருகாணியோ உப்பில் இறுகி அசைய மாட்டேன் என்றது. இஞ்சினுக்குக் கீழே மணலில் குழி தோண்டிப் போட்டை நிறுத்தியிருந்தார்கள். ஏற்கெனவே வந்த இரண்டு பேரில் ஒருவர் பொத்தானை மாற்றினார். ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று என்று மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே இரண்டு இருக்கின்றன; மற்றவர் ஏற்றுகிற ரிலேயை மாற்றினார். இஞ்சின் அசையவில்லை.

நளீர் குந்தினார். இறக்குகிற பொத்தானை அமத்த, மோட்டர் முனகியது. ஆகவே மோட்டர் நல்லம், பற்றரி நல்லம். ஏற்றுகிற பொத்தானை அமத்த, ரிலேயில் 'டக்' என்றது, அவ்வளவுதான். புதிதாகப் போட்ட ரிலேயை அவர் தொடவேயில்லை. இந்த மாதிரி இஞ்சினில் ஏற்றும்போது மோட்டருக்குப் போன கரண்ட் திரும்பி வருவது இறக்குகிற ரிலேக்குள்ளால். சும்மா கிடக்கும்போதும் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அது தெரியாதவர்கள் ஏற்றுகிற பக்கத்தையே பிராண்டிக்கொண்டிருப்பார்கள். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் இறக்குகிற ரிலேயில் வைத்தார். கீச்சென்று சத்தம் வரவேண்டும், வரவில்லை. உள்ளே கருகிப்போயிருக்கிறது. வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, பிழை கையில். அதே மாதிரி ரிலே பைக்குள் இரண்டு கிடந்தன.

பிடித்துவிட்டேன் என்று சொல்ல நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து றிஸ்மியின் பெண்டாட்டி றஸ்னா கரையிலிருந்த மீன்பிடிக் கொட்டிலான வாடியடியில் சோற்றை இறக்கிவைத்தாள்.

"காக்கா, கையக் கழுவிட்டு வாங்க. வேல எங்கயும் ஓடாது."

சஹன் என்கிற பெரிய தட்டு நிறையச் சோறு, பாரை மீன் போட்ட ஆணம், மாசிச் சம்பல். றிஸ்மி, போட்டில் போகிற சீனித்தம்பி, நளீர், மூன்று பேரும் ஒரே சஹனைச் சுற்றி இருந்தார்கள். சீனித்தம்பி மீனை முள் எடுத்து நளீரின் பக்கம் தள்ளிவிட்டான்.

"என்ன காக்கா, கோழி மாதிரி கொறிக்கிறீங்க? கலியாணம் ஒண்டு பேசட்டா? பாலமுனையில இஞ்சின மாதிரி பாரமான பொம்புள இரிக்கா."

"அதத் தூக்க எனக்கு ட்ரிம் இல்லடாப்பா" என்றார் நளீர். மூன்று பேரும் சிரித்தார்கள். தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதுசாகக் கேட்டது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவருடைய கையோடு இன்னொருவருடைய கை ஒரே சோற்றுக்குள் போகிறது. ரிலேயை மாற்ற இரண்டு நிமிஷம். மாற்றினால் நாளைக்கு இந்தச் சஹன் இல்லை, கல்முனைக் கடையில் தனியே ஹோட்டல் பார்சல்தான்.

"கொஞ்சம் சிக்கலா இரிக்கு தம்பி. நாளைக்கும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தேவையில்லாத வயரையெல்லாம் கழற்றித் துடைத்தார். மத்தியானம் கணவாய். சீனித்தம்பி தன் மாமியாரைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னான். நளீரும் கத்தாரில் ஒட்டகம் துரத்திய கதையைச் சொன்னார். நாளைக்கும் பார்ப்போம் என்றார்.

புதன்கிழமை விடிய, சூரை மீன் வந்திருக்கிறது என்று கரை முழுக்க ஒரே ஓட்டம். ஒவ்வொரு போட்டாக இறங்கியது. தன் போட்டு குழிக்குமேல் நிற்க, றிஸ்மி இடுப்பளவு தண்ணீரில் நின்று மற்றவர்களின் போட்டைத் தள்ளிவிட்டான். பத்து மணிக்கெல்லாம் போட்டுகள் மீனோடு திரும்பின. கரையில் சூரை குவிந்து கிடந்தது. மத்தியானம் சஹன் வந்தது. றிஸ்மி கை வைக்கவில்லை.

"நீங்க தின்னுங்க காக்கா. எனக்குப் பசியில்ல."

நளீர் எடுத்த கவளத்தைச் சஹனிலேயே வைத்தார். எழும்பிக் கையைக் கழுவினார். பழைய ரிலேயைப் பிடுங்கிப் புதியதைக் குத்தினார். பொத்தானை அமத்த, இஞ்சின் முனகிக்கொண்டு குழிக்குள்ளிருந்து மெதுவாக மேலே ஏறியது. றிஸ்மி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தான். அந்த நல்ல பேரோடேயே மனுஷன் திரும்பிப் போயிருக்கலாம். முடியவில்லை.

"தம்பி, இது எனக்கு முந்தநாளே தெரியும். வந்த உடனேயே புடிச்சிட்டன்."

றிஸ்மி கையை எடுத்தான். "அப்ப ஏன் காக்கா?"

"சோறு" என்றார் நளீர். பிறகு, "கதைக்க ஆள் இருந்திச்சி" என்றார்.

றிஸ்மி கரையில் குவிந்து கிடந்த சூரையைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நளீருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"இண்டைக்கு என்ட போட்டு ஆக்கள் நாலு பேரும் வெறுங்கையோட வீட்ட போறானுகள். சோறு வேணுமெண்டா கேட்டிருந்தா தாறத்தானே? உங்களுக்கு மகள் இரிக்கிற எண்டு கேள்வி. பிறத்தியான்ட சஹன்ல கை வைக்கப் பொய் சொல்ல வெக்கமில்ல, பெத்த புள்ளட கதவத் தட்டத்தான் வெக்கமா?"

சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நளீர் சாமான்களை அள்ளிப் பைக்குள் போட்டார்.

சாய்ந்தமருதில் அசர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம். மகளின் கேட்டடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் கேட்டு றுமானா வந்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு வேலைக்கு வந்த நான். வீட்டுல கரண்ட் சாமான் ஏதும் பழுதா கிடக்கா மகள்?"

"இல்ல வாப்பா. ஒண்டும் பழுதில்ல."

"அப்ப சரி" என்றார். திரும்பி மோட்டார் சைக்கிளில் காலைப் போட்டார்.

"வாப்பா." அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். "பின்னறையில பேன் ஒண்டு சத்தம் போடுது."

உள்ளே போனார். பின்னறைக் கட்டிலில் புதிதாகத் துவைத்த விரிப்பு விரித்திருந்தது. பேனைப் போட்டார். அது ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. காதைக் கொடுத்துக் கேட்டார். திரும்பி மகளைப் பார்த்தார். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"சில நேரம்தான் போடும்" என்றாள்.

இரண்டு நாளாக அதே பொய்யைச் சொல்லிவிட்டு வந்த மனுஷனுக்கா அது விளங்காது? பேனை நிறுத்தி, கதிரையில் ஏறி, அதை முழுதாகக் கழற்றி இறக்கினார். ஒவ்வொரு திருகாணியாக எடுத்து நிலத்தில் பரப்பினார்.

"இது இண்டைக்கு முடியாது போல கிடக்கு மகள்."

"ஆறுதலா பாருங்க வாப்பா" என்று சொல்லிவிட்டு, றுமானா குசினிக்குப் போய் இன்னும் ஒரு சுண்டு அரிசி போட்டாள்.