கிருமி அண்டாத பனியன்

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூரில் பலருக்கும் மூலிகைப் பித்துப் பிடித்திருந்தது. எங்கள் பனியன் கம்பெனி முதலாளிக்கும் தொற்றியது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கிருமி அண்டாத குழந்தைப் பனியன் கேட்டாராம். இவரும் தலையாட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங்க சார், பனியன்ல பட்டாலே கிருமி சாகோணுங்க. முடியலீன்னா சொல்லீருங்க, இந்த லேப் ரூமை அயனிங்குக்குக் குடுத்தர்றேனுங்க.”

எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவனுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். அந்த ஒற்றை அறைதான் என் பிழைப்பு.

லெமன்கிராஸ், அதாவது எலுமிச்சைப்புல் எண்ணெயை எடுத்தேன். அதில் பெரும்பகுதி சிட்ரால். பாக்டீரியாவின் மேலுறையைப் பொத்தலாக்கிவிடும். எண்ணெயில் நனைத்த துணித்துண்டை ஃபேன் காற்றில் காயவைத்து, கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தேன். மறுநாள் துணியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம், அதற்குள் ஒரு கிருமி இல்லை. மகளின் மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோல முதலாளி அந்தத் தட்டை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

ஆர்டர் முடிந்து, பெட்டிக்குப் போகவிருந்த பனியன் ஒன்றைச் சோதித்தேன். துணியின் மேலேயே கிருமிகள் குடும்பம் குட்டியோடு குடியேறியிருந்தன.

எங்கே பிசகியது என்று தேடிக்கொண்டு அயனிங் பக்கம் போனால், ஹால் முழுக்க லெமன்கிராஸ் வாசம். நீராவி அயன் படாமல் இங்கே எந்தப் பனியனும் பெட்டிக்குள் போகாது. சுருக்கம் இருந்தால் கௌரவக் குறைச்சல். அந்தச் சூட்டில் எண்ணெய் பறந்துவிடும் என்று என் எம்.எஸ்ஸி. மூளைக்குத் தோன்றவே இல்லை.

“ஒரு வாரமா மூக்கடைப்பே இல்ல சார், நல்லா இருப்பிய” என்றார், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அயன் போடும் அக்கா.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுபடி எண்ணெய் ஏற்றி, அயன் போடாமல் அனுப்பலாம் என்றேன். அவர் பனியனை மோந்து பார்த்தார்.

“வாசம் இன்னும் இருக்குதுங்களே. மொதத் தட்டு ரிப்போர்ட்லயே கையெழுத்துப் போட்டுருங்க. கசங்குன துணிய அனுப்புனா நம்ம மானம் போயிருமுங்க.”

போட்டேன். லேப் பிழைத்தது.

அடுத்த மாதம் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலாளி பெருந்தன்மையாக அதே பனியனில் ஒரு டஜன் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ‘கிருமி அண்டாது’ என்று அட்டை தொங்கியது. என் கையெழுத்தை நம்பி அச்சடித்த அட்டை. அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டு, பனியன்களைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்துக் காயவைத்துத்தான் மருமகளுக்குக் கொண்டுபோனேன். வெட்கமாக இருந்தது. மற்ற குழந்தைகளுக்கு எங்கள் லேப்பில் தாய்மாமன் இல்லை.