துபாய்லேருந்து திருச்சிக்கு எத்தனை மணி நேரம்?

வேப்பந்தட்டை பஸ்ல தினமும் என்கூட வர்ற அக்கா, இன்னைக்கு போன்ல ஒரு டிக்கெட்டைக் காட்டுனாங்க. வூட்டுக்காரர் நாளைக்கு துபாய்லேருந்து வர்றாராம்.

"காலையில பத்துக்கு ஏறி, மூன்றரைக்குத் திருச்சில இறங்குறாரு டீச்சர்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப அஞ்சரை மணி நேரம் பறக்கணும்"னு கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"இல்லீங்க டீச்சர், நாலு மணி நேரந்தான். அங்க நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடில்ல? பதினோரு வருசமா போன்ல பேசுறேன். நான் பாத்திரம் கழுவி முடிச்சப்புறம்தான் அவரு சாப்பிடவே உக்காருவாரு."

நான் புவியியல் டீச்சர்.

நாளைக்கு ஒன்பதாம் வகுப்புக்குத் தீர்க்கரேகைப் பாடம். எனக்குப் பதிலா அந்த அக்காவை அனுப்பலாம்னு பார்த்தா, அவங்க ஏர்போர்ட்ல நிப்பாங்க.

நான் லீவு போட்டுடட்டுமா?