நான்கு பிட் வலப்பக்கம்

தடுப்பூசிப் பெட்டிகளுக்கு அலாரக் கருவி செய்யும் சின்னக் கம்பெனி, கிசுமு நகரில். அதன் நிரல் முழுவதும் அகேயோ எழுதியது. தசம எண்ணே தெரியாத மலிவுச் சில்லுகளோடு காலம் தள்ளியவர் அவர். புது நிரல் வெளியாகும் நாளில் ஏரிக்கரை மீன் சந்தையில் ஒரு வாளி ஐஸ் வாங்கி, உப்பைக் கொட்டிக் கிளறி, வெப்ப உணரியை அதில் புதைப்பார். ஆபீஸ் நாறும். அவருக்குக் கவலையில்லை.

கூட நிரல் எழுதும் ஒகின்யிக்கு இருந்தது.

“கம்ப்யூட்டர்லயே எல்லா சோதனையும் பாஸ் ஆயிடுச்சுக்கா. எதுக்கு இந்த மீன்கடை?”

“புடிக்கலன்னா மூக்கப் பொத்திக்க.”

வாளியிலிருந்த கண்ணாடி வெப்பமானி மைனஸ் அரை டிகிரி காட்டியது. கருவியின் திரையில் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அலற வேண்டிய அலாரம் கம்மென்று கிடந்தது. வாசலில், சியாயா பகுதி மருத்துவமனைகளுக்கான கருவிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. உறைந்துபோன தடுப்பூசி பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். போட்ட குழந்தைக்குப் பலன் இருக்காது.

“வண்டிய நிறுத்து,” என்றார் அகேயோ. “எதடா மாத்தின?”

“பெரிசா ஒண்ணுமில்லக்கா. உணரி அனுப்புற எண்ண நாலு பிட் வலது பக்கம் தள்ளுன்னு எழுதியிருந்தீங்க. படிக்கிறவனுக்குப் புரியட்டும்னு பதினாறால வகுன்னு போட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே?”

“பூஜ்யத்துக்கு மேல ஒண்ணுதான். கீழ போய்ப் பாத்தியா?”

அந்த உணரி ஒரு டிகிரியைப் பதினாறு துண்டாக்கித்தான் அனுப்பும். மைனஸ் அரை டிகிரி என்றால் மைனஸ் எட்டு.

“அதப் பதினாறால வகுத்தா, இந்தச் சில்லு மிச்சத்தத் தூக்கிப் போட்டுட்டுப் பூஜ்யத்துல வந்து உக்காந்துக்கும். பிட்டத் தள்ளினா எப்பவும் கீழ்ப்பக்கம்தான் இறங்கும். மைனஸ் ஒண்ணு. எனக்கு அதான் வேணும்.”

ஒகின்யி வாளியைப் பார்த்தான். “அப்போ மைனஸ் ஒண்ணத் தொடுற வரைக்கும் அலாரம் தூங்கியிருக்கும்.”

“உன்ன மாதிரியே.”

பழைய வரியைத் திரும்பப் போட்டார்கள். அலாரம் வீறிட்டது. பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டினார். ஒகின்யி நிறுத்தப் போனான்.

“விடு, கத்தட்டும். கேக்க நல்லாத்தான இருக்கு.”

ஏற்றியதையெல்லாம் இறக்கி, நிரலை மாற்றி, சாயங்காலம் வண்டியை அனுப்பினார்கள்.

போன வருடம் அகேயோ இறந்துபோனார். அடக்கம் முடிந்தபின் வந்த முதல் வெளியீட்டு நாளன்று ஆபீஸில் மீன் நாற்றம். ஒகின்யி வாளியில் உப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அலாரம் அடித்தது. அதை நிறுத்த எவரும் கை நீட்டவில்லை.